36 சதுர மைல், அறுபது பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் அமெரிக்காவில் ஃபார்கோ நகரில் வேலை பார்க்கிறான். சென்ற கோடையில் அவனோடு மூன்று மாதம் தங்கியிருந்தபோது, ரெட் ஆற்றைத் தாண்டி மினசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள கிட்சன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரை காரில் போய்வந்தோம். வழியில் ஒரு பலகையில் டவுன்ஷிப் என்று கண்டிருந்தது. ஆனால் கடை, தெரு, கோயில் எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில் அதன் பரப்பு ஏறக்குறைய 36 சதுர மைல் என்றும், மக்கள்தொகை அறுபதுக்கும் குறைவு என்றும் தெரிந்தது. பக்கத்து டவுன்ஷிப்பும் அதே 36 சதுர மைல்தான். நெய்வேலி டவுன்ஷிப்பில் வாழ்ந்த எனக்கு இது விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் எப்படி ஒரே பரப்பு? அவ்வளவு நிலத்தில் ஏன் இவ்வளவு குறைந்த மக்கள்? இன்னொன்று: நூல் பிடித்ததுபோல் வடக்கே போய்க்கொண்டிருந்த சாலை, மேடும் ஓடையும் இல்லாத ஓரிடத்தில் திடீரென்று ஒடிந்து, கொஞ்ச தூரம் பக்கவாட்டில் போய், மறுபடியும் வடக்கே திரும்பியது. அது ஏன்?

ஒரு வாசகர், சிதம்பரம்

அன்புள்ள நண்பருக்கு,

நெய்வேலியை மனத்தில் வைத்துக்கொண்டு தேடியதால்தான் உங்களுக்கு ஊர் அகப்படவில்லை. ஆலையை ஒட்டி எழுந்த குடியிருப்பை நாம் டவுன்ஷிப் என்கிறோம். நீங்கள் பார்த்த பகுதியிலோ அது நிலத்தில் வரைந்த ஒரு சதுரத்தின் பெயர். மக்கள் கூடி வாழ்ந்து, ஊராகி, அதன்பின் எல்லை வகுக்கப்படுவதுதான் நமக்குப் பழக்கம். அங்கே எல்லை முதலில் வந்தது, குடிகள் பிறகு வந்தார்கள், பல சதுரங்களுக்கு ஊர் கடைசிவரை வரவே இல்லை.

விடுதலைப் போரின் கடனில் மூழ்கியிருந்த புதிய அமெரிக்க அரசு, ஓஹையோ ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலத்தை விற்றுக் காசாக்க நினைத்தது. விற்பதற்கு முன் அளக்க வேண்டும் என்று 1785இல் சட்டம் செய்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். பின்னாளில் நிலைத்த முறைப்படி வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கும் எண், மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் மாடு திரும்புவதுபோல் மடங்கி மடங்கி வந்து தென்கிழக்கில் 36இல் முடியும். அளந்த கருவி 66 அடிச் சங்கிலி. நம் பழைய சர்வேயர்கள் வயலில் இழுத்ததும் இதே கன்டர் சங்கிலிதான் என்பதால், ஏக்கரும் சென்ட்டும் பேசும் நமக்கு இந்தக் கணக்கு அந்நியமல்ல.

கிட்சன் கவுண்டி இருக்கும் பகுதி, பனியுகத்தின் முடிவில் அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி வற்றிய தரை. கண்ணுக்குச் சரிவே தெரியாத கரிய மண். கிழக்கே போனால் மட்டும் பழைய ஏரிக்கரைகள் மணல் மேடுகளாகத் தட்டுப்படும். அது ஆளில்லாத வெளியாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ரெட் லேக், பெம்பினா பிரிவுகளைச் சேர்ந்த ஓஜிப்வே பழங்குடி மக்களிடமிருந்து 1863 ஒப்பந்தத்தின் வழியே ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் ஏக்கர் அரசின் கைக்கு மாறியது. மக்கள்தொகைக் கணக்கைக் குடியேறிகளிலிருந்து தொடங்குவது நம் வசதிக்காக மட்டுமே.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் தந்தது. செக்‌ஷனில் கால் பங்கு என்பதால் அங்கத்து விவசாயிகள் இதைக் ‘குவார்ட்டர்’ என்பார்கள் (நம்மூரில் இந்தச் சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகம் வரும்). ஒரு டவுன்ஷிப்பில் 144 குவார்ட்டர்கள். பள்ளிகளுக்கென ஒதுக்கிய 16, 36 ஆகிய செக்‌ஷன்களையும், ரயில் கம்பெனிகளுக்கு மானியமாகப் போன ஒற்றைப்படைச் செக்‌ஷன்களையும் மறந்துவிட்டு, ஒவ்வொரு குவார்ட்டரிலும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று என்று வைத்தால்கூட 720 பேர்தான். அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே, நம் சிற்றூர் ஒன்றின் கூட்டம் அங்கே சேர வழியில்லை. தவிர, உழுபவன் தன் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டான். பக்கத்து வீடு அரை மைலுக்கு அப்பால். கடையும் தானியக் கிடங்கும் ரயில் நின்ற இடத்தில் எழுந்தன. அந்த இடங்கள் தனி நகராட்சிகளாகப் பிரிந்து, டவுன்ஷிப் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டன.

பிறகு டிராக்டர் வந்தது. கோதுமையும் சோயாவும் சர்க்கரை எடுக்கும் பீட்டும் பயிராகும் அந்தச் சமவெளியில், இரண்டாயிரம் மூவாயிரம் ஏக்கரை ஒரே குடும்பம் பார்த்துக்கொள்வது இன்று சாதாரணம். பன்னிரண்டு குடும்பங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. 1940இல் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த கிட்சன் கவுண்டியின் மக்கள்தொகை, 2020இல் சுமார் 4,200. நீங்கள் போன வழியில், வெட்டவெளி நடுவே சதுரமாக மரங்கள் நிற்பதையும் உள்ளே வீடு இல்லாததையும் கவனித்திருப்பீர்கள். காற்றைத் தடுக்க வீட்டைச் சுற்றி நட்ட மரங்கள் அவை. வீடு போய்விட்டது, வேலி நிற்கிறது.

அறுபது பேர் என்ற எண்ணையும் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் வெளியேறினால் அங்கே மக்கள்தொகை ஏழு சதவீதம் சரிந்தது என்று அட்டவணை அலறும். போதாக்குறைக்கு, தனிநபர் விவரம் வெளிப்படாதிருக்க, 2020 கணக்கெடுப்பில் சிற்றிடங்களின் எண்களை அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சற்று மாற்றி வெளியிட்டது. நெப்ராஸ்காவில் மோனோவை என்ற ஊரில் இருந்தவர் ஒரே ஒரு மூதாட்டி. கணக்கில் வந்தது இரண்டு. அந்த இன்னொருவர் யார் என்று அவரையே நிருபர்கள் கேட்டார்கள்.

இத்தனை சிறிய கூட்டத்துக்கும் ஓர் அரசு உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மினசோட்டாவில் மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப்பின் ஆண்டுக் கூட்டம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரோடு அப்படியொரு கூட்டத்தில் ஓரமாய் உட்கார்ந்திருந்தேன். ஓரறைப் பழைய பள்ளிக்கூடம்; மடக்கு நாற்காலிகளில் ஒன்பது பேர்; ஈரம் சொட்டும் பூட்ஸ்கள் கதவருகே. சரளைக்கல் இந்த ஆண்டு எந்தச் சாலைக்கு என்பதில் நாற்பது நிமிடம் போனது. வரி எவ்வளவு என்பதைக் கையுயர்த்தி முடிவுசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதவிக்கு ஆள் கிடைக்காமல் இப்படிப்பட்ட டவுன்ஷிப்கள் கலைக்கப்படுவதும் உண்டு. அப்போது சாலை கவுண்டியின் பொறுப்புக்குப் போகும். நிலப் பத்திரங்களில் சதுரமும் செக்‌ஷன் எண்ணும் அப்படியே இருக்கும்.

கடைசியாக, ஒடிந்த சாலை. செக்‌ஷன் கோட்டின் மேலேயே சாலை போட்டார்கள். அதற்குரிய வழக்கமான அகலம்கூட ஒரு சங்கிலி, 66 அடி. ஆனால் பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்குகின்றன. நீங்கள் போன அட்சத்தில், தெற்கு விளிம்பில் ஆறு மைல் அகலமுள்ள டவுன்ஷிப் வடக்கு விளிம்பில் ஏறத்தாழ 55 அடி குறைந்துவிடும். அந்தக் குறையை வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளிவிடுவார்கள். பட்டியலில் 36க்குச் சற்றுக் கூடவோ குறையவோ பரப்பு வருவதற்கு இது ஒரு காரணம். பிழை சேர்ந்துகொண்டே போகாதிருக்க, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கிழக்கு மேற்காக ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடியும் முழு ஆறு மைலாக அளக்கத் தொடங்குவார்கள். கீழிருந்து வந்த கோடும் மேலே புறப்படும் கோடும் அங்கே ஒட்டாது. உங்கள் மகன் காரைத் திருப்பியது அந்த இடைவெளியில்தான்.