இலையுதிர்கால இருமலும் சீன மருத்துவமும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகள் பெய்ஜிங்கில் மருத்துவம் படிக்கிறாள். செப்டம்பர் இறுதியிலிருந்து அவளுக்கு உதட்டு வெடிப்பும் வறட்டு இருமலும் இருக்கின்றன. இரண்டு முறை மூக்கிலிருந்து இரத்தமும் வந்துவிட்டது. விடுதித் தோழிகள், இது நுரையீரலைக் காக்க வேண்டிய பருவம் என்று சொல்லிப் பேரிக்காயை வேகவைத்துக் கொடுக்கிறார்கள், அக்குபஞ்சருக்கும் அழைக்கிறார்கள். போகச் சொல்லலாமா டாக்டர்?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: பேரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடட்டும் அம்மா. அக்குபஞ்சர் ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெய்ஜிங்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். அதன்பின் வடக்கேயிருந்து இறங்கும் காற்றில் ஈரம் மிகக் குறைவு. காவிரிப் படுகையில் வளர்ந்த மூக்குக்கும் தொண்டைக்கும் அது புதிது. நவம்பர் 15 வாக்கில் நகரமெங்கும் கட்டடங்களைச் சூடேற்றத் தொடங்கியதும் அறைக்குள்ளிருக்கும் காற்றும் காய்ந்துவிடும். சீன மருத்துவம் வறட்சியை இப்பருவத்தின் நோய்க்காரணமாகவும், நுரையீரலையும் பெருங்குடலையும் இப்பருவத்துக்குரிய உறுப்புகளாகவும் வகுத்திருக்கிறது. அந்த வகைப்பாட்டை இன்றைய உடற்கூறியலோடு பொருத்திப் பார்க்க முடியாது என்றாலும், வறட்டு இருமலும் தோல் வறட்சியும் மலச்சிக்கலும் ஒரே பருவத்தில் சேர்ந்து வருவதைக் கண்டு, அதற்கேற்ற உணவை வகுத்தவர்களின் கவனிப்பை நான் மதிக்கிறேன்.

அந்தப் பேரிக்காய்ப் பக்குவம் எளியது. பழத்தின் மேற்பகுதியை மூடிபோல் சீவியெடுத்து, நடுவிலுள்ள விதைப்பகுதியைக் கரண்டியால் குடைந்து, பள்ளத்தில் நாலைந்து கற்கண்டுகளைப் போட்டு, சீவிய துண்டால் மூடி, கிண்ணத்தோடு அரைமணி நேரம் ஆவியில் வைப்பார்கள். பழம் கண்ணாடிபோல் குழைந்து, கிண்ணத்தின் அடியில் ஊறி நிற்கும் சாற்றை இளஞ்சூட்டில் பருகும்போது தொண்டை அரிப்பு தணியும். இருமலை வேரோடு போக்கும் மருந்தென்று அதைக் கொள்ள வேண்டாம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற சீன மருத்துவ நூல், இப்பருவத்தில் சீக்கிரம் உறங்கிச் சேவலோடு எழச் சொல்கிறது; தேர்வுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணுக்கு அதுவே முதல் மருந்து.

இனி ஊசி. பருவகால ஒவ்வாமையால் வரும் தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் அக்குபஞ்சர் ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் உண்டு. மருந்தில்லாச் சிகிச்சையை நாடுவோருக்கு அதைப் பரிந்துரைக்கலாம் என்று அமெரிக்காவின் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் சளி, காய்ச்சல் வராமல் அது தடுத்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உங்கள் மகளுக்கு விருப்பமிருந்தால், மருத்துவமனையில் உரிமம் பெற்றவரிடம் மட்டும் போகட்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியின் உறையை அவள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். நுரையீரலுக்கென்று சொல்லப்படும் ‘ஃபெய் ஷூ’ புள்ளி, மேல்முதுகில், மூன்றாவது மார்பு முள்ளெலும்பின் கீழ் இருபுறமும் இருக்கிறது. அதன் அடியில் இருப்பது நுரையீரலேயாகையால், ஊசி ஆழமாக இறங்கினால் அதில் துளை விழுந்து காற்றுக் கசியலாம். சிகிச்சை முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் தொடங்கலாம். அரிதாக நடப்பதுதான் என்றாலும், மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்குக் கை, கால் புள்ளிகளே போதும் என்பேன்.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்புறம் சாய்த்து, மூக்கின் மென்பகுதியைப் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இருமல் 2 வாரத்தைத் தாண்டினாலோ, காய்ச்சலோ இளைப்போ சேர்ந்தாலோ, ஊசியையும் பழத்தையும் விட்டுவிட்டு மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் சீன மூலிகை இருமல் பொடி கொடுத்தார். என் கணவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: கொடுக்க வேண்டாம். சீன இருமல் மருந்துகள் பலவற்றில் ‘மா ஹுவாங்’ என்ற மூலிகை இருக்கும். அதிலுள்ள எஃபெட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும். அதே வேளையில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை நம்மால் படிக்க முடியாதபோது இந்த ஆபத்து இன்னும் பெரிது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உட்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது; சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட, பெயர் ஒத்த இன்னொரு மூலிகை மாறிப்போய்ச் சேர்ந்ததே காரணம். நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அந்தத் தாவரத்தின் இனமே என்பதால், அவற்றையும் தாமாகக் காய்ச்சிக் குடிக்காதீர்கள் என்று எல்லா வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அக்டோபரில் நாமும் நுரையீரலைக் குளிரவைக்கும் சீன உணவுகளைச் சாப்பிட வேண்டுமா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தேவையில்லை ஐயா. அங்கே அக்டோபர் வறட்சி. இங்கே ஐப்பசி அடைமழை. அந்த உணவுமுறை வறண்ட காற்றுக்கு வகுக்கப்பட்டது. ஈரம் ஏறிய சுவரும் பூஞ்சையும் கொசுவும் உள்ள நம் மழைக்காலத்தில், கொதிக்கவைத்த நீரும், மிளகு ரசமும், தண்ணீர் தேங்காத முற்றமுமே பொருந்தும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை நிறுத்தாமல் தொடருங்கள்.