ரிட்டெய்னர் இறுக்குகிறது, அழுத்திப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. இரண்டு வருடம் பல்லுக்குக் கம்பி போட்டு, ஐந்து மாதத்துக்கு முன் கழற்றினார்கள். மேல் பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்க, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறை, அதாவது ரிட்டெய்னர், தந்தார்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறது. ஓ.எல். பரீட்சை நெருக்கத்தில் மூன்று கிழமை அவள் ரிட்டெய்னரைத் தொடவே இல்லை. இப்போது போட்டால் முன்பல் இரண்டும் நோகுது என்கிறாள். மணமும் வெள்ளைப் படிவும் இருந்ததால் நான் அதைக் கொதிநீரில் போட்டும் எடுத்தேன். அழுத்திப் போடச் சொல்லவா?
வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அழுத்த வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல் இருக்கிறது. மூன்று கிழமையில் பல் நகர்ந்திருக்கலாம். கொதிநீரில் ரிட்டெய்னர் கோணியிருக்கலாம். எது நடந்தது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி, போன் டோர்ச்சைப் பிடியுங்கள். ரிட்டெய்னரைத் தண்ணீரில் நனைத்து, முன்பல்லில் வைத்து, பிறகு இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களிலும் விரல் நுனியால் ஒரே நேரத்தில் மெல்ல அமத்தச் சொல்லுங்கள். கடித்து இறக்கக் கூடாது, அதில்தான் பிளாஸ்டிக் வெடிக்கும். இப்போது முன்பற்களின் நுனியைப் பாருங்கள். பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வெற்றிடம் தெரியாமல் ஒட்டி நின்றால் ரிட்டெய்னர் முழுதாக இறங்கிவிட்டது. வெற்றிடம் தெரிந்தாலோ, ஒரு பக்கம் அமத்த மறுபக்கம் கிளம்பினாலோ இறங்கவில்லை.

முழுதாக இறங்கி, இறுக்கம் மட்டும் இருந்தால் பயமில்லை. சாப்பாட்டுக்கும் பல் துலக்கவும் தவிர்ந்த நேரமெல்லாம், நாளுக்கு 20 முதல் 22 மணித்தியாலம் போடட்டும். மந்தமான நோவு சில நாளில் அடங்கும். ஒரு கிழமை கடந்தும் அதே இறுக்கம் என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு பல்லில் மட்டும் குத்துகிற வலி, பல் ஆட்டம், ஈறு புண்ணாதல் இருந்தால் உடனே கழற்ற வேண்டும்.

இறங்கவே இல்லையென்றால், கம்பி போட்ட வைத்தியருக்கு இன்றே அழையுங்கள், அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்க வேண்டாம். நகர்வு சிறிதாக இருக்கும்போது புது ரிட்டெய்னரோடு முடிந்துவிடலாம். விட்டால் மறுபடி கம்பிதான். ரிட்டெய்னர் செய்ய எடுத்த பல்லின் சாந்து அச்சை உங்களிடம் தந்திருந்தால் ரிட்டெய்னரை அதில் போட்டுப் பாருங்கள். அச்சில் சரியாக உட்கார்ந்து வாயில் உட்காராவிட்டால் பல் நகர்ந்திருக்கிறது. அச்சிலும் உட்காராவிட்டால் ரிட்டெய்னர் கோணிவிட்டது. கோணியதைத் திரும்பச் சூடாக்கி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், இன்னும் கெட்டுப்போகும்.

கம்பி கழற்றியதும் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பது இயல்புதான். ஆனால் பல்லை எலும்போடு பிடித்திருக்கும் நார்கள் புது இடத்துக்குப் பழக மாதக்கணக்கு எடுக்கும். ஈறிலுள்ள நெகிழ்வான நார்களுக்கு ஒரு வருடம் வரை ஆகும். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். முறுகியிருந்து நேராக்கிய பல் முதலில் திரும்பும். இரவில் மட்டும் போடும் கட்டம் எப்போது என்பதை வைத்தியர் சொல்லட்டும், மகள் தீர்மானிக்கக் கூடாது.

இனிக் கழுவும் முறை. சுடுதண்ணி இனி வேண்டவே வேண்டாம். கழற்றியவுடன், எச்சில் காயுமுன், குழாய்த் தண்ணீரில் அலசி, மென்மையான தனிப் பிரஷில் மணமில்லாத திரவ சவர்க்காரம் ஒரு துளி விட்டு உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள துகள் பிளாஸ்டிக்கைக் கீறும், அந்தக் கீறலுக்குள்தான் கிருமி தங்கி மணக்கும். வெள்ளைப் படிவு பெரும்பாலும் எச்சிலிலுள்ள கல்சியம். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, நன்றாக அலசினால் கழன்றுவிடும். கிழமைக்கு ஒரு தடவை போதும். பார்மசியில் கிடைக்கும் பொய்ப்பல் கழுவும் மாத்திரையும் நல்லது, ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். ப்ளீச் கூடாது.

போட்டபடி தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சீனி போட்ட தேத்தண்ணி பிளாஸ்டிக்குக்குள் புகுந்தால் எச்சில் அதைக் கழுவ முடியாது, பல் சொத்தையாகும். சூடும் அதைக் கோணவைக்கும், கறியின் மஞ்சளும் ஏறும்.

சாப்பிடக் கழற்றினால் டிசுவில் சுற்றி மேசையில் வைக்க விடாதீர்கள், பெரும்பாலும் அப்படியே குப்பைக்குப் போய்விடும். காற்றுத் துளையுள்ள கடினமான பெட்டி ஒன்று வேண்டும். திருகோணமலை வெயிலில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியிலோ, பூட்டிய காருக்குள்ளோ அந்தப் பெட்டியை விடக்கூடாது. நாய் வளர்க்கும் வீடென்றால் நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், எச்சில் மணத்துக்கு நாய் அதைத் தேடி வந்து கடிக்கும். நிலாவெளிக் கடலில் குளிக்கப் போகும் நாளில் பெட்டியோடு வீட்டிலேயே இருக்கட்டும். அலையில் வாயிலிருந்து போனால் போனதுதான்.

நீங்கள் கேட்காத கீழ்க் கம்பியையும் பாருங்கள். அது வேட்டைப்பல்லிலிருந்து மறு வேட்டைப்பல் வரை ஒவ்வொரு பல்லிலும் சின்னச் சின்னப் பசைப் பொட்டால் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு பொட்டு மட்டும் விட்டுப்போனால் கம்பி இருந்த இடத்தில்தான் இருக்கும், அந்த ஒரு பல் மெல்ல விலகும். வாரம் ஒருமுறை மகள் கண்ணாடியில் ஒவ்வொரு பொட்டாகப் பார்த்து, நகத்தால் தொட்டுப் பார்க்கட்டும். நாக்கின் கீழ் எச்சில் சுரக்கும் இடம் அது. காறை, அதாவது பல்லில் கல்லாக இறுகும் அழுக்கு, சீக்கிரம் படியும். நுனி விறைப்பான பல்லிடுக்கு நூலை (சூப்பர் ஃப்ளொஸ்) கம்பிக்கடியால் நுழைத்து ஒவ்வோர் இடைவெளியிலும் இரவில் இழுக்கப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை காறை எடுப்பியுங்கள். வைத்தியரிடம் போகும்போது ரிட்டெய்னரையும் சாந்து அச்சையும் கையோடு கொண்டுபோய், கொதிநீரில் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.