யூஎஸ்பிஏஎஸ்பி: டிரைவர் சிக்கலா, வேறு சிக்கலா?

கேள்வி: விண்டோஸ் 10-இல் யூஎஸ்பிஏஎஸ்பி (ஏவிஆர் சிப்பில் புரோகிராம் ஏற்றும் யூஎஸ்பி போர்டு) மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கிறது. டிரைவர் கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டுப் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம், அது பழைய காலத்து வழி. ஸாடிக் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, ஆப்ஷன்ஸில் ‘லிஸ்ட் ஆல் டிவைசஸ்’ தேர்ந்தெடுங்கள். போர்டு தெரியும். டிரைவராக லிப்யூஎஸ்பிகே போடுங்கள்; சிப்பில் புரோகிராம் எழுதும் ஏவிஆர்டியூட் மென்பொருள் பழையதோ புதியதோ, அதோடு ஒத்துப்போகும். ஆனால் பட்டனை அழுத்தும் முன் அடையாள எண் 16சி0, 05டிசி தானா என்று பாருங்கள். அதே பட்டியலில் உங்கள் கீபோர்டும் மவுஸும்கூட இருக்கும். ஒருமுறை அவசரத்தில் மவுஸுக்கு டிரைவரை மாற்றிவிட்டு, டேப் விசையைத் தட்டித் தட்டி டிவைஸ் மேனேஜருக்குப் போய் அதை நீக்கினேன்.

கேள்வி: லினக்ஸில் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டால்தான் ஓடுகிறது. டிரைவர் குறையா?

பதில்: இல்லை, அனுமதிக் குறை. தினமும் சூடோ போடுவது தீர்வல்ல. அந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு யூடெவ் விதி (செருகும் கருவிகளை லினக்ஸ் கையாளும் விதி) எழுதி, உள்நுழைந்திருப்பவருக்குக் கருவியைத் திறந்துவிடும் யூஅக்சஸ் டேக் கொடுங்கள். பலர் கோப்பின் பெயரை 99 என்று தொடங்கிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். இந்த டேக்கைக் கவனிக்கும் விதி 73-ஆம் எண்ணில் இருக்கிறது. உங்களுடையது அதற்கு முன்னால் வர வேண்டும். 60 என்று வைத்து, விதிகளை மறுபடி ஏற்றி, போர்டைக் கழற்றிச் செருகுங்கள்.

கேள்வி: மேக்குக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?

பதில்: தேவையே இல்லை. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவில் ஏவிஆர்டியூட் நிறுவினால், யூஎஸ்பியோடு பேசும் லிப்யூஎஸ்பி கூடவே வந்துவிடும். சீரியல் போர்ட் பட்டியலில் மட்டும் தேடாதீர்கள், இது சீரியல் கருவி அல்ல.

கேள்வி: ‘டார்கெட் டஸ் நாட் ஆன்சர்’ என்றே வருகிறது. டிரைவரை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

பதில்: நான்காவது முறை வேண்டாம். புரோகிராமரோடு பேச முடிந்ததால்தான் ‘சிப் பதில் சொல்லவில்லை’ என்ற செய்தியே வருகிறது. டிரைவர் சரியில்லை என்றால் யூஎஸ்பி கருவியையே காணோம் என்றிருக்கும். முதலில் வயரையும் மின்சாரத்தையும் பாருங்கள், அப்புறம் வேகத்தை. புது அட்மெகா328பி சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்; புரோகிராமிங் கடிகாரம் (எஸ்சிகே) அதில் கால்பங்குக்கும் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி வழக்கமாக 375 கிலோஹெர்ட்ஸில் போகும். ஏவிஆர்டியூட் கட்டளையில் ‘-B 10’ சேருங்கள். பெரிய எழுத்து B. சின்ன b வேறு வேலைக்கு. ‘எஸ்சிகே பீரியட் மாற்ற முடியவில்லை’ என்று எச்சரித்தால் போர்டின் ஃபர்ம்வேர் (போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) பழசு. அப்போது மெதுவான கடிகாரத்துக்கான ஜேபி3 ஜம்பரைப் போடுங்கள். சில நகல் போர்டுகளில் ஜம்பர் இருக்காது, இரண்டு துளைதான் இருக்கும். ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் போதும்.