தொழிற்சங்கத் தலைவரான சட்டத்தரணி ஒருவர் தேர்தலில் நின்றால் திருகோணமலையில் வெல்வாரா?

கேள்வி கேட்டவர் பிலிப்பைன்ஸின் லூக் எஸ்பிரிட்டுவை உதாரணம் காட்டி, "இப்படி ஒருவர் உங்கட மாவட்டத்தில் நின்றால் வாக்குப் போடுவீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நான் போடுவேன். வெல்வார் என்று மட்டும் பந்தயம் கட்டமாட்டேன்.

எஸ்பிரிட்டு யாரென்று தெரியாதவர்களுக்காக: அவர் சட்டத்தரணி, அங்குள்ள ஒரு பெரிய தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர். 2022 இலும் 2025 இலும் செனற் சபைக்கு நின்று இரண்டு தடவையும் தோற்றார். 2022 இல் விவாத மேடையில் எதிர்வேட்பாளர்களை அவர் வாதத்தால் உலுக்கிய காணொளி எங்கும் பரவியது. ஆனாலும் அந்த வருடம் வாக்கு எண்ணிக்கையில் முதலாவதாக வந்தவர் ரொபின் படில்லா என்ற நடிகர். அங்கே செனற்றுக்கு முழு நாடுமே ஒரே தொகுதி, ஒரு தடவையில் 12 இடங்கள். நாடு முழுக்கத் தெரிந்த முகம் இல்லாவிட்டால் கஷ்டம்தான்.

எனக்கு அவரில் பிடித்தது மேடைப் பேச்சு இல்லை, அவர் பிடித்துக்கொண்டிருக்கும் பிரச்சினை. அந்த நாட்டுச் சட்டப்படி ஒருவரைத் தகுதிகாண் காலத்தில் ஆறு மாதம்தான் வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு நிரந்தரமாக்க வேண்டும். முதலாளிமார் என்ன செய்கிறார்கள் என்றால் ஐந்தாம் மாதமே ஆளை நிற்பாட்டிவிட்டு அடுத்த ஆளை எடுக்கிறார்கள். அதை 'எண்டோ' என்கிறார்கள். எஸ்பிரிட்டு வருடக்கணக்காகக் கத்துவது இதற்கு எதிராகத்தான்.

இதை வாசித்தபோது எனக்கு மணிலா ஞாபகம் வரவில்லை, எங்கட திருகோணமலைக் கரையில் இருக்கும் உப்புவெளிதான் ஞாபகம் வந்தது.

நான் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சிறு விடுதிகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கட கரையில் சீசன் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை. பிறகு மாரி, கடலும் குழம்பிவிடும், வெள்ளைக்காரர் தெற்குப் பக்கம் போய்விடுவார்கள். சம்பளப் புத்தகத்தில் மே மாதம் பொடியன்களின் பெயர் ஏறும். செப்ரெம்பர் முடிய சிவப்புப் பேனையால் கோடு கீறுவேன். அடுத்த மே மாதம் அதே பொடியன் அதே அறைகளைக் கூட்டித் துடைக்க வருவான், ஆனால் புத்தகத்தில் அவன் புது ஆள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையால் நிற்பாட்டுவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அருமையான சட்டம். ஆனால் அது 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தாது. 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்யாதவருக்கும் பொருந்தாது. மே முதலாம் திகதியில் இருந்து செப்ரெம்பர் 30 வரை லீவு நாளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், 153 நாள். எங்கட கடற்கரையில் சமையல்காரர், அறை துப்புரவாக்குபவர், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறாத்தீவுக்குப் படகு விடுபவர் என்று முக்கால்வாசிப் பேருக்கும் அந்தச் சட்டம் கடைசிவரை கைக்கெட்டாது. பணிக்கொடையும் அப்படித்தான். 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடச் சேவை வேண்டும், இடத்தில் 15 பேர் வேண்டும்.

போன வருடம் ஒரு பொடியன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டான், "அக்கா, எனக்கு ஈ.பி.எஃப். போகுதா?" போகவில்லை. முதலாளி "முதல் பழகட்டும்" என்று சொல்லியிருந்தார். உண்மையில் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு 180 நாளும் இல்லை, 15 பேரும் இல்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், அமைய ஊழியராக இருந்தாலும், முதல் நாளில் இருந்தே சம்பளத்தில் முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். பழகும் காலம் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. நான் அதை முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு கட்டினார், அது வேறு கதை.

இந்த 180, 15 என்ற இலக்கங்களை எந்த நீதிமன்றமும் மாற்ற முடியாது. பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். ஒரு தொழிற்சங்கச் சட்டத்தரணி எம்.பி. ஆவதால் ஏதாவது பிரயோசனம் உண்டென்றால் அது இந்த இடத்தில்தான். வழக்குப் பேசுவதற்கு எம்.பி. பதவி தேவையில்லை. சொல்லப்போனால் வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் கறுப்புக் கோட்டுக்கூடத் தேவையில்லை, யூனியன் பிரதிநிதியே தொழிலாளிக்காக எழுந்து பேசலாம். வேலை போய் ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டால் சரி. சட்டமூலம் வரும்போது வாசகம் வாசகமாகப் பார்த்து, எந்தச் சொல்லால் யார் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் ஆள் சபையில் குறைவு. 2023 இல் தொழில் சட்டங்களை எல்லாம் ஒன்றாக்கப் போகிறோம் என்று வெளிக்கிட்டபோது சங்கங்கள் கத்தித்தான் அதைத் தடுத்தன, சபைக்குள் இருந்து அல்ல.

சரி, ஏன் வெல்லமாட்டார் என்கிறேன்? கணக்குத்தான் காரணம். எங்கட மாவட்டத்துக்கு நான்கு ஆசனம். திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தொகுதிகள். அதிக வாக்கு எடுக்கும் கட்சிக்கு ஒன்று போனசாகப் போய்விடும், மிச்ச மூன்றுக்குத்தான் பங்கு. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. இங்கே தேர்தல் வந்தால் தேத்தண்ணிக் கடையில் பேசப்படுவது சம்பளம் இல்லை, "எங்கட ஆசனம் போயிடுமோ" என்பதுதான், அதாவது எங்கட இனத்துக்கு ஆசனம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. நான் சிரிக்கமாட்டேன். 1977 இல் முதல் தடவை சபைக்குப் போன, அதுவும் சட்டத்தரணியான, தமிழர் தலைவர் சம்பந்தன் ஐயாவே 2000 ஆம் ஆண்டில் ஆசனம் இழந்து 2001 இல்தான் திரும்பப் போனார். அப்படிக் கையைச் சுட்டுக்கொண்ட சனத்திடம் போய், "இனத்தை மறந்துவிட்டு வர்க்கத்தைப் பாருங்கள்" என்றால் எடுபடாது. சுயேச்சையாக நின்றால் கட்டுப்பணமும் போய்விடும். ஏதாவது பெரிய பட்டியலில் ஏறினால்தான் வாய்ப்பு. ஏறினால் கட்சி சொல்வதைக் கேட்க வேண்டும்.

அங்கேதான் பழைய காயம் ஒன்று இருக்கிறது. தொழிற்சங்கமும் அப்புக்காத்துத் (வழக்கறிஞர்) தொழிலும் ஒரே ஆளில் சேர்ந்ததற்கு இலங்கையில் கொல்வின் ஆர். டி சில்வாவை விடப் பெரிய உதாரணம் இல்லை. 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தபோது விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவிக்காக நின்றவர் அவர். 1956 இல், ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று சபையில் எச்சரித்தவரும் அவரே. பிறகு அமைச்சரானார். 1972 இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக அரசியலமைப்புக்குள் ஏற்றியபோது அந்த அரசியலமைப்பை வரைந்தவரும் அவரே. அதே வருடம் வங்கி ஊழியர்கள் நீண்ட வேலைநிறுத்தம் செய்தபோது எதிர்ப்பக்கம் நிதியமைச்சராக இருந்தவர் கொல்வினின் லங்கா சமசமாஜக் கட்சியையே சேர்ந்த என்.எம். பெரேரா. எங்கட அப்பாவின் தலைமுறைக்கு 'இடதுசாரி அப்புக்காத்து' என்றாலே ஒரு பெருமூச்சு வரும்.

அதனால் அப்படி ஒருவர் எங்கட ஒழுங்கைக்கு வாக்குக் கேட்டு வந்தால் பொன்னாடை எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு யூனியன் உண்டு, அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆட்களை வேலைக்கு அனுப்பும் மேன்பவர் கொம்பனி மூலம் வந்தவர்களுக்கும் என்னுடைய புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறப்பட்ட பொடியன்களுக்கும் அவர் இதுவரை எத்தனை தடவை மனு எழுதினார்? இரண்டாவது, 1979 ஆம் ஆண்டு அத்தியாவசிய சேவைகள் சட்டத்தின் கீழ் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் வர்த்தமானியை எந்த அரசாங்கம் வந்தாலும் எடுத்து நீட்டுகிறது. தன்னுடைய கட்சி ஆளும்போது அது சபைக்கு வந்தால் எதிர்த்துக் கை தூக்குவாரா?

பதில் சுற்றிவளைக்காமல் வந்தால் என்னுடைய மூன்று விருப்பு வாக்கில் ஒன்று அவருக்கு. மற்ற இரண்டையும் அதே பட்டியலில்தான் போட வேண்டும். பட்டியலில் ஏழு பேர் இருப்பார்கள், அதில் குறைந்தது ஒருவராவது சொந்தக்காரராக வந்து வாசலில் நிற்பார்.