முகத்துவாரம் தூர்கிறதா? வற்றத்தைப் பாருங்கள்

கேள்வி: நாகூர் வெட்டாற்று முகத்துவாரம் வழியாகத்தான் எங்கள் ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகின்றன. மணல் அடைக்கிறது என்று மனு கொடுத்தால் ஆதாரம் கேட்கிறார்கள். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் உயரத்தையும் சொல்லும் ஓத அட்டவணையை வைத்து நிரூபிக்க முடியுமா?

பதில்: அட்டவணை மட்டும் போதாது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுவது, நிலவையும் சூரியனையும் வைத்து முன்கூட்டியே போட்ட கணக்கு. உங்கள் முகத்துவாரத்தில் சேர்ந்த மணல் அதற்குத் தெரியாது. கடலில் எவ்வளவு ஏறி இறங்குகிறது, ஆற்றுக்குள் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும்.

வாய் ஆழமாக இருந்தால் கடலின் ஓதம் பெரும்பாலும் அப்படியே உள்ளே வரும். வாய் மணலால் தூர்ந்துபோகப் போக, உள்ளே ஏற்ற இறக்கம் சுருங்கும், நேரமும் பிந்தும். முதலில் காட்டிக்கொடுப்பது வற்றம், அதாவது நீர் மிகக் கீழே இறங்கி நிற்கும் நிலை. தண்ணீர் இறங்க இறங்க மணல்திட்டின் மேல் ஓடும் நீர் மெல்லிசாகி, உள்ளே இருப்பது வடிய முடியாமல் தேங்கிவிடும். ஏற்றம் ஏறக்குறைய பழையபடி வரும். வற்றம் மட்டும் பழைய அடையாளம் வரை இறங்காது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை ஏற்கெனவே கவனித்திருப்பார்கள், எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முகத்துவாரத்துக்கு உள்ளே, கதவணை இருந்தால் அதற்குக் கீழே, பாலத் தூண் போல அசையாத ஒன்றில் அளவுகோல் பதியுங்கள். நம் கரையில் அமாவாசை ஓதம்கூட ஒரு மீட்டருக்குக் குறைவு. சில சென்டிமீட்டர் பிசகினாலே கணக்கு கெட்டுவிடும். அலை ஆட்டாமல் இருக்க, அடியில் சிறு துளையிட்ட பிவிசி குழாய்க்குள் நீர்மட்டம் பாருங்கள். ஒரு ஓதச் சுற்று 12 மணி 25 நிமிடம். ஆகவே அரை மணிக்கு ஒருமுறை, 25 மணி நேரம் குறிக்க வேண்டும். ராத்திரி முறை யாருக்கு என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்! அமாவாசை கழிந்த ஓரிரு நாளில், மாதந்தோறும் செய்யுங்கள்.

கடல் பக்கத்துக்கு நாகப்பட்டினத்தில் கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானியின் பதிவைக் கேளுங்கள், கிடைக்காதவரை அட்டவணை. உங்கள் அளவுகோலின் பூஜ்ஜியமும் கடல் பக்கத்துக் கணக்கின் பூஜ்ஜியமும் வேறு என்பதால் உயரத்தை ஒப்பிடாதீர்கள். வீச்சையும் (ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம்) நேரத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள். கடலில் 60 சென்டிமீட்டர், உள்ளே 45 என்றால் விகிதம் 0.75. அடுத்த ஆண்டு அது 0.5 ஆகி, தாமதமும் கூடியிருந்தால் வாய் குறுகுகிறது என்று தயங்காமல் எழுதலாம்.

பங்குனியைப் பங்குனியோடுதான் ஒப்பிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வரும், கடல்மட்டமே உயர்ந்திருக்கும். அந்த மாதக் கணக்கைக் காட்டினால் மனு நிற்காது.

மணல் எந்த இடத்தில், எத்தனை அடி என்பதை இது சொல்லாது. அதற்கு ஆழம் அளக்க வேண்டும். இந்தப் பதிவை இணைத்து, மனுவில் அதையே கேளுங்கள்.