மங்கி குல்லா ஹெல்மெட் கணக்குல வராது தம்பி

கேள்வி: ஆசிரியர் அண்ணாவுக்கு வணக்கம். நாலு மாசம் முன்னாடி காலைல பைக்ல போறப்போ போலீஸ் கை காட்டி நிறுத்தினாங்க. பயங்கர மிஸ்ட், குளிர் தாங்காம மங்கி குல்லா போட்டிருந்தேன், அதுமேல ஹெல்மெட் நுழையல. இன்சூரன்ஸ் முடிஞ்சும் ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. ஹெல்மெட்டுக்கு ஆயிரம், இன்சூரன்ஸுக்கு ரெண்டாயிரம்னு சலான் போட்டாங்க. வெளியூர் கார்காரன் பண்ற அட்டகாசத்தெல்லாம் விட்டுட்டு லோக்கல் ஆள புடிக்கிறீங்களேன்னு கேட்டேன், பேச்சு முத்திப்போச்சு, கோர்ட்டுல பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்போ சம்மன் வந்திருக்கு. தெரிஞ்ச ஒருத்தர் அஞ்சாயிரம் குடு, நீ வரவே வேணாம், நான் முடிச்சு தரேங்கிறார். டீக்கடையில ஆறு மாசம் இழுத்தா கேஸ் தன்னால செத்துடும்னு சொல்றாங்க. துபாய் போக பாஸ்போர்ட் வேற அப்ளை பண்ணணும், இது கிரிமினல் கேஸ் ஆயிடுமா? என் மச்சினனுக்கு 17 வயசு, இதே வண்டிய தினமும் ஓட்டுறான், அவன ஒரு நாளும் புடிச்சதில்ல, எல்லாம் என் நேரம்.
- பேர் வேண்டாம், கட்டபெட்டு, நீலகிரி

பதில்: தம்பி, கோர்ட்டுல பாத்துக்கறேன்னு சொன்னது நீங்க, கோர்ட்டும் சரி வாப்பான்னு கூப்பிட்டிருக்கு, இதுல பயப்பட என்ன இருக்கு? உங்க லெட்டர் முழுக்க ஆயிரம், ரெண்டாயிரம், அஞ்சாயிரம்னு தொகை மட்டும்தான் இருக்கு. சலான்ல என்ன செக்சன் போட்டிருந்தாங்க, சம்மன்ல என்ன தேதி, எஸ்டிசி நம்பர், அதாவது கோர்ட்டுல உங்க கேஸ் நம்பர் என்ன, பின்பக்கம் என்ன எழுதியிருக்கு, ஒண்ணும் இல்ல. உங்களுக்கு வேண்டிய பதில்ல முக்கால்வாசி அந்த பேப்பர்லயே இருக்கு, நீங்க படிக்கல, அதனாலதான் டீக்கடைக்காரரும் அந்த அஞ்சாயிரக்காரரும் உங்களுக்கு வக்கீலா தெரியறாங்க.

முதல்ல செக்சன். ஹெல்மெட்டுக்கு மோட்டார் வாகன சட்டத்துல 194டி, இன்சூரன்ஸுக்கு 196. 2019ல சட்டத்த திருத்தினாங்க, நம்ம தமிழ்நாட்டுல புது ரேட் 2022 அக்டோபர்லதான் வந்துச்சு, அப்போலேருந்துதான் ஹெல்மெட்டுக்கு ஆயிரம். இதுல ஜனங்க கவனிக்காத விஷயம் என்னன்னா 194டில ஆயிரத்தோட முடியறதில்ல, மூணு மாசம் லைசன்ஸ் செல்லாதுன்னும் அதே வரியில இருக்கு. 196ல ஃபைன் மட்டும் இல்ல, மூணு மாசம் வரைக்கும் ஜெயில் கூட போடலாம்னு இருக்கு. பெட்டி கேஸ்ல உங்கள தூக்கி உள்ள வைக்கப் போறாங்கன்னு நான் சொல்லல, பொதுவா ஃபைனோட முடியற கேஸ்தான் இது. ஆனா அந்த "மூணு மாசம் ஜெயில்" சட்டத்துல எழுதியிருக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, டீக்கடை சட்டம் அங்கதான் அடிவாங்குது.

ஆறு மாசம்னு அவங்க சொல்றது முழுப் பொய்யும் இல்ல. ஃபைன் மட்டுமே தண்டனையா இருக்கற குற்றம்னா ஆறு மாசத்துக்குள்ள கேஸ் கோர்ட்டுக்கு வந்தாகணும்னு காலவரம்பு இருக்கு, முன்ன சிஆர்பிசிங்கற பழைய குற்றவியல் நடைமுறை சட்டத்துல 468ஆவது செக்சன், 2024 ஜூலை 1லேருந்து அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல 514. ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போடக்கூடிய குற்றம்னா அந்த வரம்பும் ஒரு வருஷம் ஆயிடும். ரெண்டு குற்றத்த ஒண்ணா சேத்து விசாரிச்சா பெரிய தண்டனை எதுக்கோ அதோட வரம்புதான் ரெண்டுக்கும். உங்க கேஸ்ல இன்சூரன்ஸும் சேந்திருக்கு, அதனால ஒரு வருஷம். அதவிட முக்கியம், இந்த காலம் நீங்க கோர்ட்டுக்கு வர்ற நாள் வரைக்கும் ஓடறது இல்ல, போலீஸ் கோர்ட்டுல தாக்கல் பண்ற நாள் வரைக்கும்தான். சம்மன் வந்தாச்சுன்னா தாக்கல் ஆயாச்சு, நாலே மாசத்துல. இனிமே நீங்க இழுத்தா இழுபடறது நீங்கதான். வரலன்னா வாரண்ட், முதல்ல ஜாமீன்ல விடற வாரண்ட், அப்புறமும் வரலன்னா பிடிவாரண்ட், மூவாயிரத்துல முடிய வேண்டியதுக்கு காலங்காத்தால வீட்டு கதவ போலீஸ் தட்டும், எஸ்டேட் லைன்ல எல்லா ஜன்னலும் திறக்கும்.

இப்போ அந்த அஞ்சாயிரக்காரர். நீ வரவே வேணாம்னு பெரிய உதவி மாதிரி சொல்றாரே, மோட்டார் வாகன சட்டம் 208ஆவது செக்சன படிச்சா சிரிப்பு வரும். இந்த மாதிரி கேஸ்ல கோர்ட்டு சம்மன்லயே எழுதி அனுப்பலாம், நீங்க நேர்ல வரலாம், வக்கீல வச்சு ஆஜராகலாம், இல்லன்னா குறிப்பிட்ட தேதிக்குள்ள கோர்ட்டு சொன்ன தொகைய மணியார்டர்ல அனுப்பி, அந்த கூப்பன்லயே குற்றத்த ஒத்துக்கறேன்னு எழுதிடலாம்னு. ஃபைன் மட்டும் உள்ள குற்றம்னா இப்படி எழுதியே ஆகணும், ஜெயிலும் சேந்த குற்றம்னா எழுதறதும் எழுதாததும் மாஜிஸ்திரேட் இஷ்டம். அப்படி தபால்ல ஒத்துக்கிட்டு பணமும் கட்டிட்டா மேல நடவடிக்கை கிடையாது, அந்த ஒப்புதல காரணம் காட்டி லைசன்ஸ தகுதிநீக்கம் பண்ணவும் முடியாதுன்னு அதே செக்சன்ல இருக்கு. அதாவது உங்க பேப்பர் பின்னால ஓசியில இருக்கறத அவர் உங்களுக்கே ரெண்டாயிரம் லாபம் வச்சு விக்கிறார். அதுவும் கட்டினாரா இல்லையான்னு உங்களுக்கு தெரியாது, ரசீது உங்க பேர்ல வந்தாதான் கட்டினது, அவர் வாயால முடிஞ்சுதுன்னு சொன்னா முடிஞ்சதில்ல. உங்க சம்மன்ல தபால் வசதி போட்டிருக்கான்னு பாருங்க, போடலன்னா நேர்ல போங்க, ஒரு நாள் கூலி போகும், அவ்ளோதான்.

போனா என்ன நடக்கும்னு நிறைய பேருக்கு தெரியாததாலதான் இந்த புரோக்கர் கூட்டம் பிழைக்குது, அதனால சொல்றேன். நம்ம மாவட்டத்துல ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்னு பக்கத்துக்கு பக்கம் மாஜிஸ்திரேட் கோர்ட்டு இருக்கு, சம்மன்ல எந்த கோர்ட்டுன்னு பாத்துட்டு காலைல பத்து மணிக்கு முன்னாடியே போயிடுங்க. பஸ்ல போங்க, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியிலயே கோர்ட்டுக்கு போன ஆளுங்க இருக்காங்க. பெஞ்ச் கிளார்க்கிட்ட சம்மன காட்டினா உங்க கேஸ் லிஸ்ட்ல எத்தனாவதுன்னு சொல்லுவாங்க. பேர் கூப்பிடற வரைக்கும் காதுக்கு எட்டற தூரத்துல இருக்கணும், டீ குடிக்க போனவன் பேர்தான் கரெக்டா அப்போ கூப்பிடுவாங்க. உள்ள போனதும் போனை ஆஃப் பண்ணிட்டு குல்லாவ கழட்டிடுங்க. குற்றச்சாட்ட வாசிச்சு ஒத்துக்கறீங்களான்னு கேப்பாங்க. ஒத்துக்கிட்டா அன்னைக்கே ஃபைன், கட்டி ரசீது வாங்கிட்டு வந்துடலாம். இல்லன்னு சொல்றதும் உங்க உரிமை, அப்போ விசாரணை, சாட்சி, வாய்தான்னு போகும். வண்டி நம்பரே உங்களுது இல்ல, அன்னைக்கு நீங்க அந்த ரோட்லயே இல்லன்னா கண்டிப்பா இல்லன்னு சொல்லுங்க, அதுக்குத்தான் கோர்ட்டே இருக்கு. ஆனா ஹெல்மெட் இல்ல, குல்லாதான் இருந்துச்சுன்னு நீங்களே கையெழுத்தில்லாம எனக்கு ஒத்துக்கிட்டாச்சு. குளிருக்காக குல்லா போட்டா ஹெல்மெட் வேணாம்னு எந்த சட்டத்துலயும் இல்ல. ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட் வாங்கி உள்ள மெல்லிசா ஒண்ணு போட்டுக்கோங்க, ஊட்டியில முக்காவாசி பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

வக்கீல் வைக்க காசு இல்லன்னா அந்தந்த கோர்ட்டுலயே தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கு, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை தேசிய லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம் நடக்கும், சமரசமா முடிக்கக்கூடிய இந்த மாதிரி சின்ன கேஸெல்லாம் அங்க எடுப்பாங்க, உங்க தேதிக்கு பக்கத்துல வந்தா கேட்டு பாருங்க.

கிரிமினல் கேஸான்னு கேட்டீங்க. ஸ்பாட்லயே கட்டியிருந்தா அது 200ஆவது செக்சன்படி சமரசக் கட்டணம், கோர்ட்டே கிடையாது. ஆனா அதுலயும் ஒண்ணு இருக்கு, அப்படி கட்டினாலும் முதல் குற்றம்னு கணக்குல ஏறும், அடுத்த தடவை இன்சூரன்ஸ் இல்லாம மாட்டினா நாலாயிரம். கோர்ட்டுல ஒத்துக்கிட்டா அது தண்டனைதான், மழுப்ப விரும்பல. ஆனா பாஸ்போர்ட் சட்டம் தண்டனைய காரணம் காட்டி மறுக்கணும்னா ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு ரெண்டு வருஷமாவது ஜெயில் வாங்கியிருக்கணும், ஹெல்மெட் கேஸுக்கு அது எட்டவே எட்டாது. அதே சட்டத்துல கிரிமினல் கோர்ட்டுல கேஸ் நிலுவையில இருந்தா மறுக்கலாம்னு இன்னொரு வரி இருக்கு பாருங்க, உங்க துபாய்க்கு சிக்கல் அங்கதான். முடிச்சவனுக்கு பாதிப்பு இல்ல, முடிக்காம ஒளிஞ்சிக்கிறவனுக்குத்தான் போலீஸ் வெரிஃபிகேஷன்ல மாட்டும். முதல்ல கேஸ முடிங்க, ரசீத பத்திரமா வைங்க, அப்புறம் அப்ளை பண்ணுங்க, ஃபார்ம்ல கேக்கறதுக்கு உள்ளத உள்ளபடி எழுதுங்க.

வெளியூர் கார விட்டுட்டாங்கன்னு கோவப்படறீங்க. சீசன்ல அவங்க ஓட்டற லட்சணம் எனக்கும் தெரியும், ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி வழி விடணும்னு தெரியாம கொண்டை ஊசி வளைவுல மூக்கோட மூக்கு முட்டிக்கிட்டு நிக்கறத தினமும் பாக்கறோம். ஆனா அவங்க மலைக்கு வரவே இ-பாஸ் எடுக்கணும், டிஎன் 43 நம்பர் உள்ள நம்ம நீலகிரி வண்டிக்கு அது தேவையில்ல. ஊட்டியிலேருந்து மசினகுடிக்கு இறங்கற கல்லட்டி ரோட்டுல அவங்கள விடமாட்டாங்க, உங்கள விடுவாங்க. இவ்ளோ சலுகையும் வாங்கிட்டு ஹெல்மெட்லயும் லோக்கல் கோட்டா கேட்டா எப்படி தம்பி? அவன் தப்பு பண்ணினா அவன் சலான் அவனுக்கு, அது உங்க கேஸ்ல சாட்சி இல்ல, மாஜிஸ்திரேட் முன்னாடி இத ஆரம்பிச்சிடாதீங்க.

இன்சூரன்ஸ் விஷயத்துல எனக்கு நிஜமாவே கோவம் வருது. ரெண்டு மாசம்தான்னு எழுதியிருக்கீங்க. அந்த ரெண்டு மாசத்துல மிஸ்ட்ல தேயிலை பறிக்க நடந்து போற ஒரு அம்மாவ உங்க வண்டி இடிச்சிருந்தா, விபத்து தீர்ப்பாயம் போடற இழப்பீடு மொத்தமும் உங்க தலையில, கம்பெனி ஒரு பைசா தராது. லட்சக்கணக்குல வரும், வண்டிய விடுவிக்கவே செக்யூரிட்டி கேப்பாங்க. அந்தம்மா குடும்பத்துக்கு பணம் வந்து சேருமான்னும் யாருக்கும் தெரியாது. பைக்குக்கு தேர்ட் பார்ட்டி பாலிசி என்ன விலைன்னு விசாரிங்க, பெரும்பாலும் உங்க ரெண்டாயிரத்துக்குள்ளதான் இருக்கும். லெட்டர் முழுக்க தேடிட்டேன், இப்பவாவது ரினியூ பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை இல்ல. இன்னைக்கே பண்ணுங்க, ஹியரிங் அன்னைக்கு அந்த காப்பியையும் கையில கொண்டு போங்க, கேட்டா காட்டலாம்.

கடைசியா மச்சினன். என் நேரம்னு புலம்பறதுக்கு அவன உதாரணம் காட்டியிருக்கீங்க, நேரம் நல்லா இருந்ததாலதான் இன்னும் மாட்டல. 18 ஆகாத பையன் கியர் வண்டி ஓட்டி மாட்டினா 199ஏ செக்சன், அதுல அவன் அப்பா அம்மா மட்டும் இல்ல, வண்டி ஓனரும் குற்றவாளி. 25,000 ரூபாய் ஃபைன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டியோட ஆர்சி ஒரு வருஷம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசன்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாது, நான் தடுத்தேன்னு ஓனர் நிரூபிச்சா தப்பிக்கலாம்னு ஒரு வழி சட்டத்துல இருக்கு. தினமும் ஓட்டுறான்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க, அந்த வழியும் போச்சு. பேர் போடாம விட்டதுக்கு எனக்கு நன்றி சொல்லிட்டு, வண்டி சாவிய இன்னைக்கு ராத்திரியே அவன்கிட்டேருந்து வாங்கி வைங்க.