பிராகில் ஜனவரி: குளிர் தாங்காத தம்பியை என்ன செய்வது?

மூன்று நாளில் செக் நாட்டுத் தலைநகர் பிராகை முழுக்க நடந்தே பார்க்க வேண்டும், தம்பிக்கோ குளிர் ஆகாது, சண்டை வராமல் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சண்டை வரும், அதை விடுங்கள். முதலில் அவருடைய ஷூவைப் பாருங்கள். என் அக்கா கான்வாஸ் ஷூவோடு வந்து, முதல் நாளே கால் மரத்துப்போய், மீதிப் பயணம் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள். பழைய நகரத் தெருக்கள் எல்லாம் கல் பாவியவை, ஈரம் உறைந்தால் வழுக்கும். தடித்த அடிப்பாகமும் கம்பளிக் காலுறையும் இருந்தால் பாதிப் புலம்பல் குறையும்.

குன்றின் மேல் இருக்கும் பிராக் கோட்டைக்குப் படியேறிப் போகாதீர்கள். 22-ஆம் எண் டிராமில் மேலே போய் இறங்கி, கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தைப் பார்த்துவிட்டு (1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள், உள்ளேயும் குளிர்தான்) கீழ்நோக்கி நடங்கள். சார்லஸ் பாலம் 500 மீட்டருக்கு மேல் நீளம், ஆற்றுக் காற்று முகத்தில் அறையும், ஆனாலும் விடியலில் போங்கள்: ஜனவரியில் சூரியன் உதிக்கவே எட்டு மணி ஆகிவிடும், அதனால் தம்பியைச் சீக்கிரம் எழுப்பிய பாவமும் இல்லை, கூட்டமும் இருக்காது. பழைய நகரத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தில் மணி அடிக்கும்போது பொம்மைகள் வரும்; அதற்காக அரை மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டாம், அவை வந்து போவது ஒரு நிமிடக் கூத்து.

மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். அப்புறம் எங்காவது உட்கார்ந்து பூண்டு சூப் வாங்கிக் கொடுங்கள், அடுத்த நாள் திட்டத்தை அவர் குடித்து முடித்த பிறகு சொல்லுங்கள்.